பாலத்து இறக்கம் வரைக்கும்

— நிறுத்து, நிறுத்து! இனி தள்ளாதே! கிளட்சை விட்டேன், ஒரு தும்மல் தும்மிச்சு, அதோட சரி. பின்னும் செத்துப் போச்சு, கேட்டோ.

— தும்மினா உயிர் கெடக்குன்னுதானே அர்த்தம், டிறைவரே?

— வண்டிக்கு உயிர் இருக்கு ராஜமணி. உன் காலுக்குத்தான் இல்ல. பந்தயக்காளை மாதிரி பாய வேண்டாமா? நீ பிரேதத்துக்குப் பின்னால போறவன் மாதிரி நடந்தா எஞ்சின் எப்படி எழும்பும்?

— இஞ்ச பாருங்க டிறைவரண்ணே, தள்ளுதது ரெண்டு பேரு. அதுல ஒண்ணு பொம்பளை. உள்ள சாஞ்சு கெடக்கவரு மூணு மூட்டைக் கனம் வருவாரு. அவரைச் சித்த எறங்கி நிக்கச் சொல்லுங்க, வண்டி பறக்கும்.

— மெள்ளப் பேசு எலிசாளே! கண்ணாடி தாழ்ந்து கிடக்கு. முதலாளிக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். கேட்டா எனக்குப் பதில் சொல்லப் போறாராக்கும்?

— சொல்ல மாட்டாருட்டி. கடையில போணி ஆவுததுக்கு முன்ன மொதலாளி வாயத் திறக்க மாட்டாரு. ஏறின வண்டியில இருந்து வழியில எறங்கவும் மாட்டாரு. எறங்கினா அன்னைக்கு யாவாரம் படுத்துருமாம். குற்றாலலிங்கம் பிள்ளைக்க வீட்டுல அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம் அது.

— வலியசாலை வீட்டுல இருந்து சாலைக்கடைக்குப் போவ இம்புட்டு கூத்தா! வாயில போட்ட வெத்தலை சிவக்கதுக்கு முன்ன நடந்து எத்திரலாம்.

— நடந்து போனா நாளைக்கே சாலைச் சந்தை முழுக்கப் பேச்சாகும், அறியாமோ? அரிசி மொத்த வியாபாரி பிள்ளை நொடிஞ்சு போனாரு, காரை வித்துத் தின்னாருன்னு. கடனுக்குச் சரக்கு கொடுத்தவன் எல்லாம் அந்தி சாயறதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பான். பர்மா அரிசி நின்னு போன நாள் முதல் கடையில சாக்கைவிட எலிதான் கூடுதல். இந்த வண்டி ஓடறதைக் கண்டுதான் ஆளுக நம்பிட்டு இருக்காங்க.

— சரி, ஓடட்டும். பட்டனை அமர்த்தினா தானா எழும்புத வண்டின்னு சொன்னீங்களே, செல்ஃபு, செல்ஃபுன்னு. தெனமும் காலம்பற நாங்கல்லா அதை எழுப்புதோம்.

— மாடலைக் குறை சொல்லாதே, கேட்டோ. சண்டைக்கு முந்தின வருஷம் கப்பல்ல வந்திறங்கின புத்தம் புது மாடல். பாட்டரி தீர்ந்து போனதுக்கு வண்டி என்ன செய்யும்? பழைய வண்டிக்காரன் கம்பியைப் போட்டுச் சுத்துவான். நானும் சுத்தினேன். திருப்பி அடிச்சு மணிக்கட்டு ஒடிஞ்சு ரத்தம் கொட்டிச்சு, பாரு, இன்னும் கோணல்தான். ரத்தம் கண்ட கம்பி வண்டியில இருக்கக் கூடாதுன்னு முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போட்டாரு.

— செரி, பேச்சு வேண்டாம் டிறைவரே. மூச்சு வாங்கிட்டேன். இனி பாலத்து இறக்கம்தானே. அங்க எழும்பலேன்னா பின்ன எங்கயும் எழும்பாது.

— நீங்க சும்மா இருங்க. வயித்துல கட்டின துணி அவுந்திருக்கு, முதல்ல அதைக் கட்டுங்க.

— ரோட்டுல வச்சு எப்படிட்டி கட்டுவேன்?

— நான் மறைச்சு நிக்குதேன். கட்டுங்க. நேத்து ராத்திரி குடல் எறங்கி எலுமிச்சம்பழம் மாதிரி முழிச்சிட்டு நின்னதை நான்தானே தடவித் தடவி உள்ள ஏத்தினேன். டிறைவரண்ணே, நீங்க சபையில ஜெபம் பண்ணுத ஆளு, நீங்களே சொல்லுங்க. இந்த வயித்தை வச்சுகிட்டு வண்டி தள்ளலாமா?

— தள்ளக் கூடாது.

— கேட்டீங்களா?

— கேட்டேன். தள்ளலேன்னா பிள்ளைக்கு என்னத்தைக் குடுப்பே, கெழங்கா? வெசக்காய்ச்சல்ல கெடந்து எழும்பின குடலு, ஒரு துண்டு மரச்சீனிக் கெழங்கு உள்ள போனா கிழிஞ்சிரும்னு டாக்டரு சொன்னதை மறந்திட்டியா? ரேஷன் அரிசி ரெண்டு நாளைக்குக் காணாது. வண்டி தள்ளதுக்கு மொதலாளி தருத ஒரு நாழி அரிசியிலதான் நம்ம ஜெயபாய்க்க உயிரு நிக்குது.

— அதை நான் மறப்பனா? மறக்காததுனாலதானே ஒங்க கூடத் தள்ளின திரவியம் அசாமுக்கு ரோடு வெட்டப் போன மறுநாளே முந்தானையைச் சொருகிட்டு நான் வந்து நின்னேன். வலியசாலையில மாமிமாரு ஜன்னல்ல நின்னு சிரிச்சாளுவ. சிரிக்கட்டும்னு தள்ளினேன்.

— ராஜமணி.

— என்ன டிறைவரே?

— இறக்கத்துக்கு முன்னே ஒரு காரியம் சொல்லிருறேன். கடைக்குப் போய்ச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். மனசு கேக்கல.

— சொல்லுங்க.

— மதறாசுல இருந்து புதுப் பாட்டரி வந்திருக்கு. தம்பானூர் ஸ்டேஷன்ல கிடக்கு. முதலாளி எந்தெந்தக் காலையெல்லாம் பிடிச்சு வரவழைச்சாருன்னு கேக்காதே. பழசைத் திருப்பி ஏத்தி விட்டாத்தான் புதுசு கையில கிட்டும். மத்தியானம் வண்டியை வீட்டுல கொண்டு விட்டுட்டு பழசைக் கழத்தித் தறேன். நீ கொண்டு போய்க் கொடுத்துட்டு புதுசைக் கொண்டு வரணும்.

— அப்ப நாளைக்கு?

— நாளைக்கு முதல் பட்டனை அமர்த்தினா போதும்.

— அப்ப நாங்க?

— அதைத்தான் எலிசாளே, மனசு கேக்கலேன்னு சொன்னேன்.

— கர்த்தாவே. சுமட்டு வேலையும் இல்ல. லாரி வந்தாத்தானே சுமடு? காலையில இருந்து அந்தி வரைக்கும் சாலை முக்குல குத்த வச்சு இருந்தாலும் ஒரு சாக்கு தலைக்கு வராது.

— முதலாளிகிட்ட வேற வேலை கேட்டுப் பார்த்தேன். கையை விரிச்சுட்டாரு.

— பின்ன என்னத்துக்கு இப்ப தள்ளணும்? விடுங்க. கையை எடுங்க வண்டியில இருந்து.

— இன்னைக்கு நாழி உண்டுல்லாட்டி. இன்னைக்குக் கஞ்சியும் வேண்டாமா? வா. அந்தப் பக்கம் பிடி. டிறைவரே, ரெண்டாம் கியர்ல போடுங்க.

— போட்டாச்சு. கிளட்சைக் கால்ல சவுட்டிப் பிடிச்சிருக்கேன். நான் கூவும்போது முழு மூச்சும் எடுக்கணும், கேட்டோ. ம்... வா... வா... இறக்கம் பிடிக்குது... இப்ப! இப்ப! தள்ளு!

— தள்ளுட்டி!

— தள்ளுதேன்!

— எழும்பிச்சு! எழும்பிச்சு! அரிசிக்குக் கடைக்கு வந்திருங்க!

— பாத்தியா, எழும்பிச்சு.

— நிக்காமலே போயிட்டாரு. ஏறிக்கோன்னு ஒரு வாக்குச் சொன்னாரா?

— நின்னா அணைஞ்சு போவும்ட்டி. பின்னும் நாமதான் தள்ளணும்.

*

— இஞ்ச பாருங்க, அதை எறக்கி வைங்க. ஸ்டேஷன்ல இருந்து ஒரே மூச்சுல வாறீங்க.

— ஒருக்க எறக்கினா பின்ன தலைக்கு ஏத்தது பாடு. சின்னப் பெட்டிதான், உள்ள ஈயம் அடைச்ச மாதிரி கெனம். நெல்லு மூட்டை தோத்துது.

— பழசைக் கொண்டு போவும்போது இம்புட்டு கெனம் இல்லியே?

— அது செத்தது. இது உயிரோட உள்ளது. அதாயிருக்கும்.

— ஒங்க தலையில நம்ம கஞ்சியைக் கெடுக்கத சாமானை ஏத்தி, ஒங்க காலாலேயே நடத்திக் கொண்டு போறான். நல்ல கதை.

— சும்மா வாட்டி.

— நான் ஒண்ணு சொல்லட்டா?

— வேண்டாம்.

— சொல்லதுக்கு முன்ன வேண்டாங்கீங்க.

— நீ என்ன சொல்லப் போறேன்னு பழவங்காடி முக்கு திரும்பும்போதே எனக்குத் தெரியும். கீழ போடச் சொல்லப் போறே.

— போட்டா என்ன? கால் தட்டிச்சுன்னு சொல்லுங்க. குடல் எறங்கின ஆளு, விழுந்துட்டான்னு ஊரே சொல்லும். ஒடைஞ்சா இன்னொண்ணு வர ஆறு மாசம் ஆவும்னு டிறைவரண்ணன் சொன்னாருல்லா. ஆறு மாசம் பிள்ளை சோறு தின்னும்.

— எலிசாளே, தலையில ஏத்தினதை இதுவரைக்கும் நான் தாழ விட்டதில்ல. மழையில விட்டதில்ல, மண்ணுல விட்டதில்ல. இருட்டுல ஏணிப்படி ஏறும்போதுகூட விட்டதில்ல. அதை விட்டா பின்ன நான் ஆரு? சாலையில என்னை ஒரு ஆளா மதிக்கது அந்த ஒண்ணுக்குத்தான்.

— மதிச்சு? ஒரு நாழி அரிசி கூட்டித் தந்தானுவளா?

— தரல்ல.

— பின்ன?

— பின்ன ஒண்ணும் இல்ல. விட மாட்டேன், அவ்வளவுதான். ...ஏட்டி, கழுத்துல என்ன ஒழுகுது? வேர்வையா?

— இருங்க, பாக்கட்டும். வேர்வை இல்ல. பெட்டி கசியுது.

— கசியுதா? பழசு ஒரு சொட்டு கசியல்லியே!

— சும்மாட்டுத் துணி நனைஞ்சிருக்கு. ஐயோ, இதென்ன, தோள்ல சிவந்து தடிச்சிருக்கு! எரியல்லியா?

— எரியத்தான் செய்யுது. பாரம் உரசினதுன்னு நினைச்சேன். பிடி, பிடி, எறக்கு. மெள்ள. சாய்க்கக் கூடாதுன்னு டிறைவரு பத்து வாட்டி சொல்லி விட்டாரு.

— எறக்கியாச்சு. இஞ்ச பாருங்க, சும்மாட்டுத் துணியைத் தொட்ட உடனே கையோட வருது. சாம்பல் மாதிரி உதிருது. ஒரே நாற்றம்.

— கர்த்தாவே, உள்ள தண்ணி கெட்டுப் போச்சுட்டி.

— கெட்டா?

— கெட்டுதான். மதறாசுல இருந்து எத்தனை நாள் ரயில்ல வெயில்ல கெடந்துதோ. நல்ல தண்ணி துணியை அரிக்குமா, தோளைச் சுடுமா? டிறைவரு வாரத்துக்கு ஒருக்க கிண்டிச் செம்புல தண்ணி கொண்டாந்து இந்த மூடியைத் திறந்து ஊத்துவாரு. நான் நின்னு கண்டிருக்கேன். பச்சைத் தண்ணி. அவரு விரல்லயும் பட்டிருக்கு, ஒண்ணும் ஆவல்ல.

— இப்ப என்ன செய்ய? இப்படியே கொண்டு போய் வச்சிருங்க. நமக்கென்ன?

— நனைஞ்ச சுமட்டை மொதலாளி வீட்டுத் திண்டுல வச்சா என்ன சொல்லுவான்? சுமட்டுக்காரன்தான் கெடுத்தான்னு சொல்லுவான். சாலையில சட்டம் அதுதானே? ஈரம் கண்ட சரக்குக்குச் சுமந்தவன் பதில் சொல்லணும். கூலியும் கெடையாது, மறுநாள் வேலையும் கெடையாது. வெல்லச் சாக்கு ஈரப்பட்டதுக்குப் பாவம், நம்ம திரவியத்தை என்ன பாடு படுத்தினானுவ!

— அதுக்கு?

— அந்தா குழாய் இருக்கு. கெட்ட தண்ணியைச் சாக்கடையில கமத்திட்டு, நல்ல தண்ணி பிடிச்சு நெறைச்சுக் கொண்டு போவோம். துடைச்சு, காய வச்சு, மாப்பிள்ளை மாதிரி கொண்டு போய் வைக்கலாம்.

— ஒங்களுக்குப் பைத்தியமா? நம்ம கஞ்சியைப் பறிக்கத சாமானுக்கு ஒபகாரம் வேறயா?

— கையில வந்த சுமடுட்டி. மூடியைத் திற. நீ ஒரு தலை பிடி. கைல படாம. ம், கமத்து.

— ஐயோ, சாக்கடைத் திண்டு நுரைக்கதைப் பாருங்க! பால் பொங்கின மாதிரி!

— பாத்தியா? நான் சொன்னேன்லா, கெட்ட தண்ணின்னு. இதை அப்படியே வண்டியில வச்சிருந்தா வண்டியையே தின்னிருக்கும். குழாயைத் திற. ஒவ்வொரு ஓட்டையா. அளவு பாத்து விடு, மேல கழுத்து வரைக்கும். சிந்தாதே.

— சிந்தல்ல. ...தோளைக் காட்டுங்க, தண்ணி விடுதேன். தோல் உரிஞ்சு போச்சு பாருங்க.

— விடு. எண்ணெய் போட்டா ஆறும்.

— எனக்கு ஒண்ணுதான் புரியல்ல. நீங்க நல்லவரா, இல்ல புத்தியில்லாத மண்டனா?

— ரெண்டும் ஒண்ணுதான்னு எங்க அம்மை சொல்லுவா. தூக்கு, நேரம் ஆச்சு.

*

— ராஜமணி, வந்தியா? வா இங்கே. எலிசாளும் வந்திருக்காளா? கொள்ளாம். நேரே நின்னு பதில் சொல்லு. பாட்டரியை வழியில கீழே போட்டியா?

— போடல்ல டிறைவரே. எதுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க? இன்னைக்குத் தள்ள வேண்டாம்லா?

— சாய்ச்சியா?

— சாய்க்கல்ல. கொளந்தையைக் கொண்டு வாற மாதிரிதான் கொண்டு வந்தேன். ஈரம்கூட இருந்திருக்காதே?

— ஈரம் இல்ல. நல்லாத் துடைச்சு வச்சிருந்தே. நேத்து அந்தியிலே மாட்டினேன். பட்டனை அமர்த்தினேன். மூச்சில்ல. வயரைக் கழத்தி மாத்தினேன், உரசினேன், ராத்திரி முழுக்கப் படுத்திருந்து யோசிச்சேன். காலையில பின்னும் அமர்த்தினேன். கல்லு மாதிரி கிடக்கு. முதலாளி நல்ல நேரம் பாத்து ஏறி உக்காந்தாச்சு. பாரு, முகத்தைப் பாரு.

— புதுசுல்லா, அதுக்க கொணம் அப்படி இருக்குமோ என்னவோ. நான் நல்ல தண்ணிதான் நெறைச்சேன்.

— என்ன சொன்னே?

— உள்ள இருந்த தண்ணி கெட்டுப் போயிருந்துது டிறைவரே. கசிஞ்சு என் சும்மாட்டைத் தின்னுட்டு. இந்தா, தோளைப் பாருங்க. அதைக் கமத்திட்டு பழவங்காடிக் குழாய்ல நல்ல தண்ணி பிடிச்சு நெறைச்சேன். ஒரு துளி சிந்தல்ல. வேணும்னா இவகிட்ட கேளுங்க.

— கமத்தினியா?

— கமத்தினேன். நாறிச்சு.

— எடோ பாவி... எடோ மகா பாவி... அது தண்ணி இல்லடா. அது திராவகம்! அதுதான்டா பாட்டரி! அதுக்குள்ளேதான் கரண்டு இருக்குது. அதைக் கமத்தினா பின்னே அந்தப் பெட்டி எதுக்கு? கோழி அடைக்கவா?

— நீங்க வாரத்துக்கு ஒருக்க தண்ணி ஊத்துவீங்களே? நான் கண்ணால கண்டேனே?

— வத்தின குறைக்கு ஒரு ஸ்பூன் ஊத்தறது! மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்தறது! திராவகத்தைக் கொட்டிட்டுக் குழாயைத் திறக்கறதோ? கர்த்தாவே, இனி நான் முதலாளிகிட்ட என்ன சொல்லுவேன்?

— டிறைவரண்ணே.

— நீ ஏன் வாயைப் பொத்துறே? சிரிக்கியா?

— சிரிக்கல்ல. சிரிப்பு வந்துது, நான் என்ன செய்ய? இந்த மனுசன் ஒரு பெட்டியைக் கீழ போட மாட்டேன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னாரு. போட்டிருந்தாக்கூட இப்படி ஒடைஞ்சிருக்காது. அப்ப புது பாட்டரியும் செத்துது. அப்ப நாளைக்கும் நாங்க வரணும், இல்லியா? இன்னைக்கும் தள்ளணும், இல்லியா?

— சும்மா இருட்டி, மொதலாளி கேக்காரு.

— கேக்கட்டும். சொல்லுங்க டிறைவரண்ணே, பாலத்து இறக்கம் வரைக்கும் தள்ளினா எழும்பும்லா? பிள்ளைக்குக் கஞ்சிக்கு ஆச்சு. நான் முந்தானையைச் சொருகியாச்சு. பிடிங்க அந்தப் பக்கம்.

— எழும்பாது எலிசாளே.

— எழும்பும். நான் தள்ளுதேன்.

— எழும்பாதுன்னு சொன்னேன். பழைய பாட்டரியில பட்டனுக்குக் காணாத உயிர் கிடந்தது, எஞ்சினுக்குள்ளே பொறி விழ அது போதும். அதனாலதான் தள்ளினா எழும்பிச்சு. இதிலே அதுவும் இல்ல. குழாய்த் தண்ணி அடைச்ச பெட்டி. மதறாசு வரைக்கும் தள்ளிட்டுப் போனாலும் ஒரு தும்மல் தும்மாது, கேட்டோ.

— அப்ப பழசைத் திருப்பி மாட்டுங்க.

— பழசு ரயில் ஏறிப் போயாச்சு. இவன் தலையிலதானே போச்சு?

— இனி ஒண்ணு வரவழைச்சா?

— சண்டை தீரட்டும்.

— ஏட்டி... நான் நல்லதுக்குத்தானே செய்தேன்?

— தெரியும். நீங்க அழாதீங்க. அழுதா வயிறு எறங்கும்.

— மொதலாளி, ஒங்க காலைப் பிடிக்கேன். அறியாமப் போச்சு. எழுத்து படிச்சவன் இல்ல. அதுக்க வெலையை நான் சுமந்து தீத்திருதேன், எத்தனை வருசம் ஆனாலும். மொகத்தைத் திருப்பாதீங்க மொதலாளி. பிள்ளைக்கு இன்னைக்கு ஒரு நாழி மட்டும்...

— ஏல, சத்தியதாசு.

— முதலாளி! போணி ஆகலையே, வாயைத் திறந்துட்டீங்களே!

— என்னடே பெரிய போணி. இந்த மாசத்துப் பெட்ரோல் கூப்பன் கையில இருக்கா?

— முழுசா இருக்கு முதலாளி. ஒண்ணும் கிழிக்கல.

— வெளியில அதுக்கு இப்ப என்ன வெலை போவுது?

— ரகசியமா வாங்குறவன் நாலு மடங்கு தருவான். லாரிக்காரன் பறக்கறான்.

— மாசாமாசம் அப்படியே வித்திரு. பாட்டரிக்க துட்டு அதுல வந்துரும். இவன்கிட்ட ஒண்ணும் கேக்காண்டாம். அந்தக் கணக்கு தீந்துது.

— மொதலாளி! கர்த்தர் ஒங்க குடும்பத்தை நெறைவாக்கட்டும்! எலிசாளே, கும்பிடுட்டி, மொதலாளியைக் கும்பிடு!

— கும்பிடுதேன். அப்ப வண்டி, மொதலாளி? எஞ்சின் எழும்பாதே, நீங்க எப்படிக் கடைக்குப் போவீங்க?

— எஞ்சின் எதுக்குத்தா? நான் வண்டியில போறதை ஊரு கண்டா போதும். சத்தியதாசு, நீ கண்ணாடியை ஏத்திட்டு ஸ்டீரிங்கைப் பிடி. இப்ப கடை வாசல் வரைக்கும் ரெண்டு பேரும் தள்ளட்டும், அந்திக்கு வீட்டு வாசல் வரைக்கும் தள்ளட்டும், தெனமும். அரிசி அதே ஒரு நாழி.